பரணில் கிடந்த டாமியாவுக்கு எந்த மோட்டார் போடலாம்?

வெளிநாட்டில் இருந்த மாமாவோ சித்தப்பாவோ எண்பதுகளில் கொண்டுவந்த டாமியா ரிமோட் கார் ஒன்று பரணில் கிடக்கும். இல்லாவிட்டால் ஜப்பான் பழைய சாமான் விற்கும் கடையில் டாமியாவின் ஒரு கிராஸ்ஹாப்பரோ ஹோர்னெட்டோ கண்ணில் படும். தூசி தட்டி பேட்டரி மாட்டினால் மோட்டார் முனகும், ஓடாது. உடனே பலரும் அதைக் கழற்றிவிட்டு, இணையத்தில் கிடைப்பதிலேயே வேகமான மோட்டாரை வரவழைத்துப் பூட்டுகிறார்கள். முதல் நாள் கார் பறக்கும். கொஞ்ச நாளில் கியர் பெட்டிக்குள் பல் மழுங்கிவிடும், அல்லது மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பீட் கன்ட்ரோல் கருகிவிடும். நாற்பது வருஷம் தாங்கிய கார் அப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

காரோடு வந்த மோட்டாரைச் சுகப்படுத்தி, பல்சக்கரத்தைச் சரியாகப் பொருத்தினால் பெரும்பாலும் அதுவே போதும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எதைப் பார்த்து மாற்றுவது என்று தெரிய வேண்டும். அதற்கு ‘டர்ன்’ கணக்கு புரிய வேண்டும். அது ஒன்றும் கஷ்டமில்லை.

எந்தக் கார்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டாமியா, ஜப்பானில் ஷிசுவோக்கா நகரத்துக் கம்பெனி. 1976இல் போர்ஷே 934 தான் அதன் முதல் மின்சார ஆர்.சி. (ரிமோட்) கார். பிறகு 1979இல் சாண்ட் ஸ்கார்ச்சர், 1983இல் ஃப்ராக், 1984இல் கிராஸ்ஹாப்பரும் ஹோர்னெட்டும், 1985இல் நான்கு சக்கரமும் இழுக்கும் ஹாட்ஷாட், 1987இல் லஞ்ச் பாக்ஸ் வேன் என்று வரிசையாக வந்தன. கியோஷோ போன்ற மற்ற ஜப்பான் கம்பெனிகளும் அதே காலத்தில் இப்படிப்பட்ட கார்களை விற்றன. இந்தக் கார்களில் பெரும்பாலும் இரண்டு அளவு மோட்டார்தான் பார்ப்பீர்கள். 540 என்பது சுமார் 36 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. நீளமும் உள்ள கூடு. 380 அதைவிடச் சின்னது, 28க்கு 38. தண்டின் தடிப்பும் வேறு: 540இல் 3.17 மி.மீ., 380இல் 2.3 மி.மீ. ஆகவே ஒன்றின் பினியன் (தண்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) மற்றதில் ஏறாது. கடையில் கேட்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள்.

டர்ன் என்றால்

கூட்டின் உட்சுவரில் இரண்டு ஃபெரைட் காந்தங்கள் எதிரெதிராக ஒட்டியிருக்கும். நடுவில் சுழல்வது ஆர்மேச்சர். அதில் மூன்று இரும்புக் கைகள், ஒவ்வொரு கையிலும் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். தண்டின் ஒரு முனையில் மூன்று துண்டாகப் பிரிந்த செம்பு வளையம் இருக்கும், அதுதான் கம்யூடேட்டர். அதை இரண்டு பக்கமும் கார்பன் கட்டைகள் ஸ்பிரிங் பலத்தில் அழுத்திக்கொண்டிருக்கும். பேட்டரி கரண்ட் கார்பன் வழியாகக் கம்யூடேட்டருக்கு வந்து, எந்தக் கை அப்போது காந்தமாக வேண்டுமோ அதற்குப் போகிறது. தண்டு சுழலச் சுழல துண்டுகள் மாறி மாறிக் கார்பனைத் தொடுவதால் ஓட்டம் நிற்காமல் தொடர்கிறது.

ஒரு கையில் கம்பி எத்தனை சுற்று இருக்கிறதோ அதுதான் டர்ன். பெட்டியோடு வரும் வெள்ளி நிற 540இல் 27 சுற்று. போட்டிக்குச் செய்த மோட்டார்களில் 15, 12, 10 என்று குறைந்துகொண்டே போகும்.

சுற்று குறைந்தால் ஏன் வேகம் கூடுகிறது? ஆர்மேச்சர் சுழலும்போது அதற்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தம் எழும். அது பேட்டரி வோல்ட்டை ஏறக்குறைய எட்டும் இடத்தில்தான் வேகம் நிலைக்கும். சுற்று குறைவாக இருந்தால் எதிர் மின்னழுத்தமும் குறைவாகவே எழும், அதை எட்ட மோட்டார் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். சுற்றைப் பாதியாக்கினால் சுமையில்லாத வேகம் கிட்டத்தட்ட இருமடங்கு. வெள்ளி 540, 7.2 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிஷத்துக்குச் சுமார் 15,000 சுற்று ஓடும் என்றால், 13 டர்ன் மோட்டார் 30,000ஐத் தொடும்.

அடுத்தது இழுவை. ‘டர்ன் குறைந்தால் இழுவை போய்விடும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. ஓர் ஆம்பியருக்குக் கிடைக்கும் இழுவை குறையும் என்பது சரி, பாதி சுற்றுக்குப் பாதி இழுவை. ஆனால் சுற்று பாதியானால் கம்பியின் நீளமும் பாதி, அதே இடத்தில் குறுக்குவெட்டுப் பரப்பு இருமடங்கான தடித்த கம்பியும் போடலாம். தடை நான்கில் ஒன்றாக இறங்கிவிடும். புறப்படும் நேரத்தில் அந்த மோட்டார் நான்கு மடங்கு கரண்ட்டை இழுக்கும், பேட்டரி கொடுத்தால் இழுவையும் கூடவே வரும். கொடுக்கப் பேட்டரி வேண்டும், கடத்த வயர் வேண்டும், தாங்க ஸ்பீட் கன்ட்ரோலும் கியரும் வேண்டும். பழைய காரில் இவை எல்லாம் 27 டர்னைக் கணக்கில் வைத்துச் செய்தவை. அதனால்தான் வேகமான மோட்டாரைப் பூட்டினால் மோட்டார் நன்றாகவே இருக்கும், அதைச் சுற்றியுள்ளவை ஒவ்வொன்றாக உடையும்.

கையால் பார்க்கலாம்

மோட்டாரைக் காரிலிருந்து எடுத்து, பினியனின் சின்ன ஸ்குரூவைத் தளர்த்திக் கழற்றுங்கள். இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வைத்திருங்கள். சுத்தியலால் தட்டினால் தண்டு வளையும். பினியன் போனதும் தண்டை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் பிடிக்கும், விடும், அடுத்த இடத்தில் பிடிக்கும். மூன்று கையும் இரண்டு காந்தமும் உள்ள மோட்டாரில் ஒரு முழுச் சுற்றுக்கு ஆறு பிடி. ஆறும் ஒரே பலத்தில் வந்தால் நல்ல சகுனம். கரகரவென்று உரசினால் உள்ளே துருவோ மண்ணோ இருக்கிறது. பிடியே தெரியாமல் வழுவழுவென்று சுழன்றால் காந்தம் தளர்ந்திருக்கலாம்.

தளர்ந்த காந்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலர் ஏமாறும் இடம் இது. காந்தம் பலவீனமானால் மோட்டார் சுமையில்லாமல் முன்பைவிட வேகமாகச் சுழலும். காரணம் அதே எதிர் மின்னழுத்தக் கணக்குதான்: காந்தம் குறைந்தால் எதிர் அழுத்தமும் குறையும். மேசைமேல் வைத்துக் கரண்ட் கொடுத்தால் ‘அடேயப்பா, என்ன வேகம்!’ என்று தோன்றும். காரில் பூட்டினால் கரண்ட்டை அள்ளிக் குடித்துவிட்டு, ஒரு சின்ன மேட்டில் நின்றுவிடும். ஆகவே வெறும் சுழற்சிச் சத்தத்தை வைத்துப் பழைய மோட்டாரை வாங்காதீர்கள். ஆறு பிடியையும் கையால் பாருங்கள்.

பிறகு மோந்து பாருங்கள். வார்னிஷ் கருகிய வாசம் வந்தால் கம்பியின் காப்புப் போயிருக்கும். பிரிக்கக்கூடிய மோட்டாராக இருந்தால் ஆர்மேச்சரை வெளியே எடுத்து மல்டிமீட்டரில் இரண்டு சோதனை செய்யலாம். கம்யூடேட்டரின் மூன்று துண்டுகளையும் இரண்டிரண்டாகத் தொட்டால் மூன்று முறையும் ஒரே அளவு வர வேண்டும். தடை மிகச் சிறியது, எண்ணைப் பெரிதாக எடுக்க வேண்டாம், மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். அடுத்து ஒரு முனையைத் துண்டிலும் மறு முனையைத் தண்டிலும் வையுங்கள். இங்கே தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் கம்பி இரும்பைத் தொடுகிறது, அந்த ஆர்மேச்சரை விட்டுவிட வேண்டியதுதான். கிரைண்டர் மோட்டாருக்குக் காயில் கட்டுபவரிடம் கொடுத்துத் திரும்பக் கட்டலாமே என்று கேட்பார்கள். கட்டலாம், ஆனால் மூன்று கையும் எடையில் சமமாக வராவிட்டால் அந்த வேகத்தில் மோட்டார் அதிர்ந்து, தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷைத் தின்றுவிடும்.

தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. நீளவாக்கில் மட்டும் துளி அசைவு இருக்கலாம், அது வேண்டும்.

ஈரமும் துருவும்

மலையகத்தில் பழைய மோட்டாருக்கு முதல் எதிரி ஈரம். நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் மழையும் மப்பும் தொடங்கினால் உடுப்பே காயாது. பரணில் சும்மா கிடந்த மோட்டாருக்குள்ளும் ஈரம் இறங்கும். செம்பு கறுத்து, ஓரங்களில் பச்சை பிடிக்கும். கூட்டின் உள்ளே துருத் தூள் உதிரும், உதிர்ந்த தூளைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். அதுதான் அந்தக் கரகரப்பு.

வெள்ளி நிற 540 பிரிப்பதற்காகச் செய்ததில்லை. கூட்டின் விளிம்பில் இரண்டு இடத்தில் தகட்டை மடித்துப் பூட்டியிருப்பார்கள். அதை நிமிர்த்தினால் திரும்ப அதே இறுக்கம் வராது. எனவே அதைத் திறக்காமல், காற்றுத் துவாரங்கள் வழியாக எலக்ட்ரிக் கான்டாக்ட் கிளீனர் அடித்து, தண்டைத் திருப்பித் திருப்பி, கறுப்புத் தண்ணீர் வடிவது நிற்கும்வரை கழுவுங்கள். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் எலக்ட்ரானிக் கடைகளில் இந்த ஸ்பிரேயைக் கேட்டுப் பாருங்கள். ஐசோப்ரொப்பைல் அல்கஹோலும் சரிவரும். பெட்ரோலில் ஊறவைக்காதீர்கள், பிளாஸ்டிக் மூடியும் வார்னிஷும் கெட்டுப்போகலாம், தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. துரு இளக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் உள்ளே வேண்டாம். அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தில் கார்பன் தூள் ஒட்டிச் சேறாகி, துண்டுகளுக்கு இடையில் கரண்ட் கசியும்.

பின்பக்க மூடியில் ஸ்குரூ இருந்தால் அது பிரிக்கும் மோட்டார், உங்களுக்கு அதிர்ஷ்டம். கார்பனைக் கழற்றி, மூடியைத் திறந்து, ஆர்மேச்சரை நேராக இழுத்தெடுங்கள். இரண்டு முனையிலும் இருக்கும் மெல்லிய வாஷர்கள் எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கம்யூடேட்டர் கறுத்து மட்டும் இருந்தால் கண்ணாடி நார்ப் பென்சிலாலோ மிக நைசான எமரித் தாளாலோ சுற்றிச் சுற்றி லேசாகத் தேய்த்தால் செம்பு நிறம் வந்துவிடும். இரும்புக் கம்பளி மட்டும் வேண்டாம், அதன் இழைகள் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். துண்டுகளுக்கு நடுவே உள்ள மூன்று பள்ளங்களையும் ஈர்க்குக் குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். தேய்மானத்தால் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில்தான் கடைய வேண்டும். தேயிலை ஸ்டோர் இயந்திர வேலை செய்யும் பட்டறைகளில் நல்ல கைகள் உண்டு. தண்டை மையமாகப் பிடித்து, மயிரிழை அளவு மட்டும் எடுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

இனிக் கார்பன். புதிதாக இருந்தபோது இருந்த நீளத்தில் பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். புதுக் கார்பனின் முகம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும், கம்யூடேட்டரோ உருண்டை. முதலில் நடுவில் ஒரு கோடு மட்டும்தான் தொடும். முழுக் கரண்ட்டும் அந்தக் கோட்டின் வழியே போனால் தீப்பொறி பறந்து செம்பு குழி விழும். அதனால் இரண்டு பெரிய டார்ச் பேட்டரி, அதாவது 3 வோல்ட், சுமையில்லாமல் சில நிமிஷம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். இடையில் கார்பனைக் கழற்றி முகத்தைப் பாருங்கள். நடுவில் மெல்லிய பளபளப்பான கீற்றாகத் தொடங்கியது பக்கவாட்டில் அகன்று அகன்று, கடைசியில் முகம் முழுவதும் வளைந்து மினுங்கும். அப்போதுதான் அது காருக்குத் தயார். தண்ணீருக்குள் போட்டு ஓட்டினால் சீக்கிரம் முடியும் என்று செய்பவர்கள் உண்டு. பழைய மோட்டாருக்கு, அதுவும் நம் ஊர்க் குளிரில், நான் அதைச் செய்ய மாட்டேன். கூட்டுக்குள் போன தண்ணீர் முழுசாகக் காயும் என்று நம்ப முடியாது.

இரண்டு புஷ்ஷுக்கும் ஒவ்வொரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் வீடுகளில் இருக்கிறது. நுவரெலியாக் காலையில் அது போத்தலிலேயே உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், புஷ்ஷுக்குள்ளும் அப்படித்தான்.

எதைத் தெரிவு செய்வது

பழைய மோட்டார் தேறவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் காரின் ஸ்பீட் கன்ட்ரோலைப் பாருங்கள். எண்பதுகளின் கார்களில் பெரும்பாலும் மெக்கானிக்கல் வகை: ரிமோட் சொன்னபடி திரும்பும் சின்ன மோட்டாரான சர்வோ ஒன்று செம்புக் கையை அசைத்து, தொடுமுனைகளை மாற்றும். அரை வேகத்தில் மீதிக் கரண்ட் ஒரு ரெசிஸ்டரில் வெப்பமாகப் போகும். தோட்டத்து ரோட்டில் ஏற்றத்தை அரை வேகத்தில் ஏற்றிக்கொண்டே போனால் அந்த ரெசிஸ்டர் தொட முடியாதபடி சுடும். இந்த வகைக்கு 27 டர்னுக்குக் குறைந்த மோட்டாரே வேண்டாம். எலக்ட்ரானிக் கன்ட்ரோல் போட்டிருந்தால் எத்தனை டர்ன் வரை தாங்கும் என்று அதன் தாளில் இருக்கும். அந்த எல்லையின் ஓரத்துக்குப் போகாமல் சில டர்ன் மேலேயே நில்லுங்கள்.

அடுத்தது கியர் பெட்டி. கிராஸ்ஹாப்பர் 380 மோட்டாரோடு வந்தது, ஆனால் கியர் பெட்டி ஹோர்னெட்டுடையதுதான், ஆகவே 540 ஏறும். வெள்ளி 540 போட்டாலே அது துள்ளும். அதற்கு மேல் போட்டால் பின் சஸ்பென்ஷனால் காரை ரோட்டில் வைத்திருக்க முடியாது. ஃப்ராக்கில் சக்கரத்துக்குப் போகும் தண்டுகளின் அறுகோண முனைகள் தேய்ந்து வழுக்கும், அதற்கும் 27 டர்னோடு நிற்பதே நல்லது. ஹாட்ஷாட்டில் நான்கு சக்கரத்தையும் சுழற்ற வேண்டும், உரசல் அதிகம். அதில் வேகமான மோட்டாரைத் தேடுவதைவிட, புஷ்களை எடுத்துவிட்டு பால் பெயாரிங் போட்டுப் பாருங்கள். கார் தானாகவே இளகி ஓடும், பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். என்னைக் கேட்டால் முதல் காசை இதில்தான் போட வேண்டும்.

கொஞ்சம் கூடுதல் வேகம் ஆசைப்பட்டால் டாமியாவின் டோர்க் டியூன்ட், ஸ்போர்ட் டியூன்ட் மோட்டார்கள் வெள்ளி 540க்கு ஒரு படி மேலே. கார்பன் கட்டையே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரை நான் பழைய காருக்குச் சொல்ல மாட்டேன். மாறாக, மேட்டு லயத்துக்குப் போகும் கல் பாதையில் மெதுவாக ஏற்றி விளையாடத்தான் ஆசை என்றால் 35 டர்ன் மோட்டார் அருமையான தெரிவு. வேகம் குறைவு, ஆனால் குறைந்த ஆம்பியரில் நின்று இழுக்கும். தோட்டத்தில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களம் மாதிரித் தட்டையான இடத்தில் ஓட்டுபவருக்கு 27.

நமக்கு ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. ஏப்ரலில் நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்கு வரும் பெட்ரோல் கார்கள் மெல்லிய காற்றில் பலம் இழக்கும். அந்த 1,868 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. மின்சார மோட்டாருக்கு அந்தக் கவலை இல்லை. மெல்லிய காற்று அதைக் கொஞ்சம் குறைவாகக் குளிர்விக்கும், ஆனால் அந்தக் காற்று குளிராக இருப்பதால் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஏற்றம் அதிகமுள்ள இடத்தில் மோட்டாரை மாற்றும் முன் பினியனை மாற்றுங்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் டாப் கியரிலேயே பஸ்ஸை மிதித்தால் எஞ்சின் திணறும் அல்லவா, பெரிய பினியனோடு மேடேறும் மோட்டாரும் அப்படித்தான். 17 பல்லுக்குப் பதில் 15 பல் போட்டால் உச்ச வேகம் சுமார் 12 சதவீதம் குறையும், அதே விகிதத்தில் மோட்டாருக்குச் சுமையும் குறையும். பெரிய டயர் மாட்டினால் பெரிய பினியன் போட்ட மாதிரிதான், அதையும் கணக்கில் எடுங்கள். பொருத்தும்போது இரண்டு பல்சக்கரத்துக்கும் இடையில் பத்திரிகைத் தாள் துண்டு ஒன்றை வைத்து இறுக்கி, பிறகு தாளை உருவிவிடுங்கள். அந்த இடைவெளி சரியாக இருக்கும். ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டு மோட்டார்க் கூட்டை விரலால் தொடுங்கள். மூன்று நான்கு விநாடி விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் இன்னும் ஒரு பல் குறைக்க வேண்டும்.

போட்டி மோட்டார் ஏதாவது பழையதாகக் கையில் வந்தால் அது எந்தப் பக்கம் சுழலச் செய்தது என்று பாருங்கள். கார்பன்களை ஒரு திசைக்குச் சாதகமாகச் சற்றுத் திருப்பி வைத்திருப்பார்கள். எதிர்த்திசையில் ஓட்டினால் தீப்பொறியும் சூடும்தான் மிஞ்சும். வெள்ளி 540க்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

வயரைப் பற்றவைக்கும்போது கப்பாசிட்டர்களை மறக்காதீர்கள். 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் மூன்று வேண்டும்: இரண்டு முனைக்கும் குறுக்கே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் கூட்டுக்கு ஒவ்வொன்று. கூட்டில் ஈயம் பிடிக்கும் இடத்தை முதலில் சுரண்டிவிடுங்கள். இவை இல்லாவிட்டால் கார்பனின் தீப்பொறி பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரைக் குழப்பி, ஸ்டீரிங் தானாகவே துடிக்கும்.

பேட்டரிக்கு 6 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பேக், 7.2 வோல்ட், போதும். இரண்டு செல் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் கொடுக்கும், அந்த வேகத்தைப் பழைய கியர் கேட்கவில்லை. அதோடு ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் லிபோ கெட்டுவிடும், அந்த இடத்தில் கரண்ட்டை நிறுத்த மெக்கானிக்கல் கன்ட்ரோலில் ஒன்றும் கிடையாது. நிக்கல் பேக் குளிர்ந்த காலையில் சோர்ந்து போகும் என்பது உண்மைதான். ஓட்டப் போகும்வரை அதை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் சரி.